ஒற்றைச் செருப்பும் ஒரு மஞ்சப்பையும்

போன வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவரோடு சின்ன மனஸ்தாபம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் ஒரு சாவிக்கொத்து கிடந்தது. நான் குனிந்தேன். "விடுங்க சார், எதுக்கு வம்பு? தொட்டா நம்ம தலையில வந்து விடியும்" என்றார். நான் எடுத்துவிட்டேன். திரும்பி வரும் வழி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. சாவியை எடுத்ததற்காக ஒரு மனிதர் கோபித்துக்கொள்வாரா என்று நினைக்காதீர்கள். பென்ஷன்காரர்களுக்குக் கோபித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

ஆனால் அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. அது வந்த வழி கொஞ்சம் நீளம். சைக்கிளில் வந்த வழி.

1979இல் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராகச் சேர்ந்தேன். ரயில்வே மெயில் சர்வீஸ் என்றால் இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊர் தூங்கும்போது ஊரின் கடிதங்களைப் பிரித்துக் கட்டுகிற வேலை. திருச்சி ஜங்ஷனில் ஆபீஸ், ஸ்ரீரங்கத்தில் வீடு. சைக்கிள் வாங்க இலாகாவிலேயே அட்வான்ஸ் கொடுப்பார்கள், மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். அப்படி வாங்கிய சைக்கிளில் மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு, மெயின்கார்டு கேட், பாலக்கரை, மேலப்புதூர் சுரங்கப்பாலம், தலைமைத் தபால் நிலையம், ஜங்ஷன் என்று தினமும் போய்வந்தேன். முழங்கால் மக்கர் பண்ணும் வரை இருபத்து நான்கு வருஷம். அதில் பாதிக்கு மேல் ராத்திரி செட். அதாவது வீடு திரும்புவது விடியற்காலையில், யாரும் பெருக்காத, யாரும் பொறுக்காத ரோட்டில்.

சைக்கிளுக்கு என்று ஒரு பார்வை இருக்கிறது. பஸ்ஸில் போகிறவனுக்கு ரோடு தெரியாது. மோட்டார் சைக்கிள்காரன் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்கிறான். நடந்து போகிறவன் எல்லாவற்றையும் பார்ப்பான், ஆனால் ஒரு நாளில் அவன் பார்க்கும் தூரம் கொஞ்சம். சைக்கிள்காரன்தான் டயருக்குப் பயந்து, ஆணிக்குப் பயந்து, ஓரமாக, தரையைப் பார்த்துக்கொண்டே எட்டு ஒன்பது கிலோமீட்டர் போகிறவன். தொலைந்தவை எல்லாம் ஓரத்துக்குத்தான் வந்து சேரும். பெரிய வண்டிகளின் காற்றும் சக்கரமும் ஒதுக்கி ஒதுக்கி அங்கே கொண்டுவந்துவிடும்.

எங்கே என்ன விழும் என்பது இரண்டு மூன்று வருஷத்தில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. 1976இல் திறந்த அந்தக் காவிரிப் பாலத்தில் தூணுக்குத் தூண் இணைப்பு இடைவெளி இருக்கும். வண்டி அதில் ஏறி இறங்கும்போது ஒரு குதி குதிக்கும். கேரியரில் சரியாகக் கட்டாத எதுவும் அங்கே விழும். டிபன் கேரியர் மூடி, குடை, பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ், ஒருமுறை முழுசாக ஒரு இட்லிப் பானையின் தட்டு. பாலக்கரையைச் சுற்றி விழுவது காந்தி மார்க்கெட்டுக்குப் போகும் லாரிகளின் உபயம். ஒரு நாள் பத்தடிக்கு ஒரு வெங்காயம் என்று ரோட்டில் கோடு போட்டதுபோல் கிடந்தது. மூட்டையில் ஓட்டை. வளைவு வரை நேர்க்கோடு, வளைவில் ஒரு குவியல், மறுபடி கோடு. எனக்கு முன்னால் போன ஒரு பாட்டி அதை மடியில் சேர்த்துக்கொண்டே போனாள். மார்க்கெட் வாசல் வரை போயிருப்பாள் என்று நினைக்கிறேன்.

பல் செட் கதையைச் சொல்லாமல் விட முடியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், விளக்குக் கம்பத்தடியில், மேல்வரிசைப் பற்கள் மட்டும் சிரித்துக்கொண்டு கிடந்தன. முதலில் பயந்துபோனேன். பிறகு யோசித்ததில் விளங்கியது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாந்தியெடுத்த யாரோ ஒரு பெரியவர் வாந்தியோடு பல்லையும் விட்டிருக்கிறார். பஸ் நிற்காது. நின்றாலும் இறங்கிச் சொல்ல வாயில் பல் இல்லை. ஒரு தாளில் எடுத்து அங்கிருந்த கட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் இல்லை. உரியவர் வந்தாரா, நாய் வந்ததா, தெரியாது.

செருப்பு எப்போதும் ஒற்றையாகத்தான் கிடக்கும். அதிலும் பெரும்பாலும் குழந்தைச் செருப்பு. தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து போகும் அம்மாவுக்கு, காலில் இருந்து ஒன்று நழுவியது வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். மிச்சமிருக்கும் ஒன்றைத் தூக்கிப்போட மனசு வராமல் ஒரு வாரம் வைத்திருப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் என் முதல் அபிப்பிராயம் உருவானது. அது இதுதான்: செருப்பை எடுக்கக் கூடாது. நகர்த்தலாம். பக்கத்தில் மைல் கல்லோ மதில் சுவரோ இருந்தால் அதன்மேல் கண்ணில் படும்படி வைக்கலாம். தொலைத்தவர் போன வழியிலேயேதான் திரும்பி வருவார். கிடந்த இடம்தான் அந்தப் பொருளின் விலாசம். நல்லது செய்வதாக நினைத்து அதை இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோய்விட்டால் விலாசத்தைக் கிழித்த மாதிரி. சார்ட்டர் புத்தி இப்படித்தான் போகும், மன்னிக்கவும்.

ஆனால் எல்லாப் பொருளுக்கும் அது பொருந்தாது. பணம், நகை, காகிதம் மூன்றும் வேறு ஜாதி. அவற்றை அப்படியே விட்டால் அடுத்து வருகிறவன் எடுப்பான், அல்லது மழை எடுக்கும்.

இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. ஒன்று, கிடைத்தவன் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அல்லது, தொட்டாலே குற்றம் என்று என் நண்பரைப்போலப் பயப்படுகிறார்கள். இரண்டும் தப்பு. 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. இப்போது 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 314ஆம் பிரிவு. உதாரணங்களும் ஏறக்குறைய அப்படியே. நெடுஞ்சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாது, எடுத்தால் குற்றம் இல்லை. கடிதத்துக்குள் பணநோட்டு கிடைக்கிறது, விலாசத்தைப் பார்த்தால் ஆள் தெரிகிறது, அப்படியும் எடுத்துக்கொண்டால் குற்றம். விலையுயர்ந்த மோதிரம் கிடைக்கிறது, உரியவரைத் தேட முயற்சியே செய்யாமல் உடனே விற்றால் குற்றம். ஆக, எடுப்பது குற்றமில்லை, தேடாமல் இருப்பதுதான் குற்றத்தில் கொண்டுபோய் விடும். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 71ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவன், ஒருவர் பாதுகாக்கக் கொடுத்த பொருளை வைத்திருப்பவன் அளவுக்கு அதற்குப் பொறுப்பு. பத்திரமாக வைக்க, உரியவரைத் தேட ஆன செலவைக் கொடுக்கும்வரை பொருளைத் தராமல் வைத்திருக்கவும் 168ஆம் பிரிவில் அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் பட்ட பாட்டுக்குக் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது. இது எனக்கு மிகவும் பிடித்த சட்டம்.

மருமகன் ஜப்பானில் இருக்கிறார். அங்கே தெருமுனைப் போலீஸ் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் மூன்று மாதம் வைத்திருப்பார்கள், உரியவர் வந்தால் மதிப்பில் நூற்றுக்கு ஐந்திலிருந்து இருபது வரை கண்டெடுத்தவருக்குச் சன்மானம் என்று சட்டமே இருக்கிறதாம். நம் ஊரில் எப்போது அப்படி வரும் என்று அவர் கேட்டார். வர வேண்டியதில்லை என்பேன். நமக்குத் தெருமுனையில் டீக்கடை இருக்கிறது.

டீக்கடைக்கு வருமுன் உண்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயில் ஊர்க்காரர்களான எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழியில் பணமோ நகையோ கிடைத்தால் "நமக்கு வேண்டாம்ப்பா, பெருமாளுக்குப் போகட்டும்" என்று உண்டியலில் போட்டுவிடுவது. என் பாட்டி அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். நானும் ஒருமுறை ஒற்றைத் தோடு ஒன்றை அப்படிப் போட்டிருக்கிறேன். தங்கம்தான், சிவப்புக்கல் வைத்தது. போட்டுவிட்டு மனசு லேசாக வீடு வந்தேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. இன்னொருத்தியின் தோட்டை என் கணக்கில் காணிக்கை செலுத்தியிருக்கிறேன். அவள் எந்தச் செட்டியாரிடம் கடன் சொல்லி வாங்கினாளோ! மீதி ஒற்றைத் தோட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அந்த வீதியிலேயே குனிந்து குனிந்து தேடினாளோ! பெருமாளுக்கு அது தெரியாதா? உண்டியல் என்பது தேடுவதிலிருந்து நாம் தப்பிக்கக் கண்டுபிடித்த வழி. பக்தர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

சந்தோஷமாக முடிந்ததும் உண்டு. மெயின்கார்டு கேட் அருகே ஒரு நாள் கல்யாணப் பத்திரிகைக் கட்டு கிடைத்தது. நாற்பது கவருக்குக் குறையாது. எல்லாவற்றிலும் விலாசம் எழுதியிருக்கிறது, ஒன்றிலும் ஸ்டாம்பு இல்லை. அப்படியே தபால் பையில் சேர்த்துவிடலாம்தான். ஆனால் ஸ்டாம்பு ஒட்டாத கவருக்கு வாங்குகிறவரிடம் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். பத்திரிகை வைத்த முதல் நாளே சம்பந்திகள் சண்டை வந்துவிடும். ஒரு பத்திரிகையைப் பார்த்து உறையூரில் பெண் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் எனக்கும் ஒன்று எழுதிக் கொடுத்து, "நீங்க அவசியம் வரணும்" என்றார்கள். போய் முதல் பந்தியில் சாப்பிட்டேன், மொய் எழுதினேன்.

இனி அந்த மஞ்சப்பை. இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

1988 ஜூன் மாதம், திங்கட்கிழமை விடிகாலை. ராத்திரி நல்ல மழை. மேலப்புதூர் சுரங்கப்பாலத்துக்கு ஏறும் ஓரத்தில் ஒரு மஞ்சப்பை. ஜவுளிக்கடைப் பை. எட்டிப் பார்த்தேன். மேலாக பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். ஒரு பையனின் பெயர், லால்குடி பக்கத்து ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். அதற்குக் கீழே இன்னும் காகிதங்கள், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள். நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்றால், அது என் தொழில் புத்தி. அடுத்தவர் தபாலை நாங்கள் பிரிக்க மாட்டோம். விலாசம் இல்லாத கடிதத்தைக்கூடப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் ஆர்.எல்.ஓ. என்கிற தனி ஆபீஸுக்குத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் டெட் லெட்டர் ஆபீஸ் என்பார்கள். ஒன்பது வருஷமாகக் கையில் ஊறிய பழக்கம். பையை மடித்து ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போடலாம், அல்லது லீவு நாளில் நேரில் போகலாம் என்று எண்ணம். அன்று ராத்திரி டியூட்டி. மறுநாள் ஒருவர் வராததால் டபுள் டியூட்டி. புதன்கிழமை முழுக்கத் தூங்கினேன். பை திண்ணை ஆணியில் தொங்கியது.

வியாழக்கிழமை காலை என் மனைவி, ஈரம் நாறுகிறதே என்று காகிதங்களை எடுத்து முற்றத்தில் காயவைத்தாள். "ஏங்க, இதைப் பாத்தீங்களா?" என்றாள். பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது டி.சி., சாதிச் சான்றிதழ், கூடவே ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் நேர்முகக் கடிதம். அசல் சான்றிதழ்களோடு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வர வேண்டும்.

அப்படியே சைக்கிளை எடுத்தேன். கொள்ளிடம் தாண்டி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. பையன் வீட்டில் இல்லை. அப்பா இருந்தார், வரப்பிலிருந்து அப்போதுதான் வந்த கால். பையைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு ஓடும்போது கைவிட்டுவிட்டார்களாம். திங்கட்கிழமை முழுக்க அப்பாவும் பிள்ளையும் ஜங்ஷனிலிருந்து பாலக்கரை வரை நடந்து தேடியிருக்கிறார்கள். நான் அன்று ராத்திரி எட்டு மணிக்கு அதே வழியில் டியூட்டிக்குப் போனேன். புதன்கிழமை வெறுங்கையோடு நேர்முகத்துக்குப் போயிருக்கிறான் பையன். அசல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த வருஷம் பார் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

"எப்பங்க கெடச்சுது?" என்று கேட்டார். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டார்.

"இன்னிக்குக் காலையிலதான்" என்றேன்.

"மகராசனா இருப்பீங்க சார், இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சு வந்து குடுக்கறீங்களே" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு சீப்பு பூவன் பழம் கொண்டுவந்து கேரியரில் வைத்துக் கட்டினார். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கொள்ளிடம் பாலம் வந்ததும் நிறுத்தி, அவிழ்த்து, கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பின்னால் வந்த யாராவது ஒரு சைக்கிள்காரன் பார்த்திருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டேன்.

அந்தப் பையன் அடுத்த வருஷம் சேர்ந்தானா என்பது எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொண்டு மறுபடி போயிருக்கலாம். போகவில்லை. அவனுக்கு இப்போது ஐம்பத்து மூன்று, நான்கு வயது இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். காகிதம் கிடைத்தால் முழுக்கத் திறந்து பாருங்கள். அடுத்தவர் விஷயம் என்ற கூச்சம் வேண்டாம். ஆதார் அட்டையைவிட அதன் கூட இருக்கும் துண்டுச் சீட்டில்தான் அவசரம் எழுதியிருக்கும். ஆஸ்பத்திரி ஃபைல் என்றால் அடுத்த செக்கப் தேதி, பரீட்சை ஹால் டிக்கெட் என்றால் நாளைக் காலை ஒன்பதரை மணி. தேதி இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள், தூக்கத்தை அப்புறம் பார்க்கலாம். இப்போது தொலைந்த ஆவணத்துக்குத் தமிழ்நாடு போலீஸின் இணையதளத்திலேயே அறிக்கை பதிந்து வாங்கிக்கொள்ள முடிகிறது. நகல் வாங்க அது பெரிய சௌகரியம். எங்கள் காலத்தில் ஸ்டேஷன், தாசில்தார், பள்ளிக்கூடம் என்று செருப்புத் தேயும். ஆனாலும் நகல் கைக்கு வர நாளாகும். நேர்முகத் தேதி காத்திருக்காது.

இன்னொன்று, வாட்ஸ்அப். மார்க் ஷீட்டைப் படம் பிடித்து, பெயர், பிறந்த தேதி, நம்பர் எல்லாம் தெரிய "அதிகம் பகிரவும்" என்று போட்டுவிடுகிறார்கள். உரியவர் கையில் அது கிடைத்து ஆறு மாதம் ஆன பிறகும் படம் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போனவாரம் எனக்கு வந்த ஒன்றில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். அந்தப் பெண் அழாத குறையாக, "சார், கிடைச்சு ரெண்டு வருஷமாச்சு, தினமும் போன் வருது, தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க" என்றாள். இதில் பகிர்ந்தவர்களுக்கெல்லாம் புண்ணியம் கிடைத்துவிட்டதாக வேறு எண்ணம்.

டீக்கடைதான் என் சிபாரிசு. நகையும் பெரிய பணமும் என்றால் போலீஸ் ஸ்டேஷன், அதில் சந்தேகமே இல்லை, ரசீதும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றபடி கிடந்த இடத்துக்கு மிக அருகில், காலையில் முதலில் திறந்து ராத்திரி கடைசியில் மூடும் கடை எதுவோ அதுதான் நம்பகமான இடம். தொலைத்தவன் முதலில் விசாரிப்பதும் அங்கேதான். கடைக்காரர் ஆணியில் மாட்டிவிடுவார். கூடவே ஒரு சங்கதி, பாதி அடையாளத்தைத்தான் வெளியே சொல்ல வேண்டும். மீதியை வருகிறவர் சொல்லட்டும்.

கோபித்துக்கொண்ட நண்பர் மூன்றாம் நாளே சமாதானமாகிவிட்டார். நேற்று அவரே டீக்கடையில் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் வரலியா?" என்று கேட்டார்.

வரவில்லை. அம்மா மண்டபம் சாலையில் போன வாரம் சாவிக்கொத்து தொலைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மண்டபத்துக்குத் திரும்பும் முனையில் வேப்பமரத்தடி டீக்கடையில் கேட்கவும். எத்தனை சாவி, வளையத்தில் கூட என்ன மாட்டியிருக்கிறது என்று சொன்னால் தரச் சொல்லியிருக்கிறேன்.